டிப்ஸ்-பென்டசீன் படலத்தில் படிகங்கள் பொடிந்துபோவது குறித்து

வணக்கம். கிருஷ்ணகிரியில் உள்ள தங்கள் கல்லூரி ஆய்வகத்தில், டிப்ஸ்-பென்டசீன் என்னும் நீலச் சாயத்தை (இது ஒரு கரிமக் குறைகடத்தி) குளோரோஃபார்மில் கரைத்துக் கண்ணாடித் தகட்டில் சொட்டி உலர்த்தும் படலம் காலையில் ஓரளவு நீண்ட ஊசிகளாகவும், பிற்பகல் வெப்பத்தில் பொடிப்பொடியாகவும் படிகமாவதாக எழுதியிருந்தீர்கள். சாயத்தின் தூய்மையை ஐயுறுவதற்கு முன் கரைப்பானை மாற்றிப் பாருங்கள். குளோரோஃபார்ம் 61 டிகிரி செல்சியஸிலேயே கொதிப்பது. அறை சற்றுச் சூடானாலும் அது விரைந்து ஆவியாகி, கரைசல் ஒரே நேரத்தில் பல இடங்களில் மிகைச்செறிவுற்று (கரைந்திருக்கக்கூடிய அளவை மீறி), எண்ணற்ற படிகக் கருக்கள், அதாவது படிகம் வளரத் தொடங்கும் நுண்புள்ளிகள், தோன்றிவிடுவதால், எந்தப் படிகத்துக்கும் வளர இடமிருப்பதில்லை. 111 டிகிரியில் கொதிக்கும் டொலுயீனுக்கு மாறி, அதனுடன் 207 டிகிரியில் கொதிக்கும் டெட்ராலினைச் சிறிதளவு சேர்த்து, கண்ணாடித் தகட்டைச் சற்றே சாய்த்து, பெட்ரி தட்டால் மூடி உலரவிட்டால், உலரும் விளிம்பு ஒரு பக்கமாகவே பின்வாங்கும்; படிகங்களும் பெரும்பாலும் அத்திசையிலேயே நீளும். மூடியைப் பாதியில் திறந்து பார்க்கும் ஆவலை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள்.

படலத்தில் விரிசல்கள் விழுவதாகவும் எழுதியிருந்தீர்கள்; அவற்றுக்குக் காரணம் வேறு. படலத்தை 150 டிகிரியில் சூடாக்கியதாகச் சொல்கிறீர்கள். ஏறத்தாழ 124 டிகிரியில் இச்சாயத்தின் படிக அமைப்பே மாறுவதால், படலம் வெடிக்கத்தான் செய்யும். 90 டிகிரியைத் தாண்ட வேண்டாம். கரைசலை ஒளிபடாமல் வையுங்கள். அதன் நீலம் வெளிறியிருந்தால், ஒளியும் காற்றும் சேர்ந்து சாயத்தை ஆக்சிஜனேற்றம் செய்துவிட்டன என்று கொண்டு, புதிதாகக் கரைத்துக்கொள்வதே நல்லது.