பனிக்கு மூடாதீர்கள், திறந்து விடுங்கள்

கேள்வி: எங்கள் வீட்டுப் புறவாசலில் அவரைப் பந்தல், கத்தரி, மல்லிகை, ஒரு மாமரம் இருக்கின்றன. இந்த வருஷம் ஆனிச் சாரல் ஏமாற்றிவிட்டது. ஆடியில் ஊன்றிய அவரை காய்ந்துபோய், புரட்டாசியில் மறுபடி ஊன்றினேன். கொடி ஓடுகிறது, பூ இல்லை. ஐப்பசி மழையில் கத்தரிச் செடிகள் பச்சையாக நிற்கும்போதே வாடிச் சாய்ந்தன. மாமரம் இப்போது போய்க் கொழுந்து விடுகிறது. மார்கழிப் பனிக்கு முன் செடிகளைப் பழைய சேலையால் மூடலாமா? யூரியா வைக்கலாமா? மல்லியை வெட்டலாமா?
- ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: சேலை வேண்டாம் அம்மா. மாஞ்சோலை மலைக்கு வேறு கணக்கு. கீழே ஆற்றுப் பாசனத்து ஊர்களில் மார்கழி, தையில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அந்தக் குளிரில் அவரையோ கத்தரியோ சாகாது. நம் ஊர்ப் பனி செடிக்குச் செய்யும் கெடுதல் ஈரத்தால்தான். மேலே போட்ட சேலை பனியைக் குடித்து இலையோடு ஒட்டிக்கொள்ளும். காலை வெயில் உள்ளே விழாது, காற்று ஓடாது. நோய்க்கு நாமே பாய் விரித்த மாதிரி ஆகிவிடும்.

ஆகவே மூடுவதற்கு நேர்மாறான வேலையைச் செய்யுங்கள். பந்தலில் ஒன்றன்மேல் ஒன்று அடைந்து கிடக்கும் கொடிகளைப் பிரித்து விடுங்கள். பழுத்த இலை, தரையைத் தொடும் இலை, உள்ளே வெயில் காணாத மெலிந்த கிளை எல்லாவற்றையும் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். தண்ணீரைக் காலையில் விடுங்கள், அதுவும் தூரில் மட்டும். சாயங்காலம் இலைமேல் தெளித்தால் அந்த ஈரத்தோடு பனியும் சேர்ந்து விடியவிடிய நிற்கும்.

அவரை பூக்கவில்லை என்று கவலைப்படாதீர்கள். நாட்டுப் பந்தல் அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். நீங்கள் பிந்தி ஊன்றியதால் கொடி இப்போதுதான் தேறியிருக்கிறது. மார்கழியில் பூ எடுக்கும். அதற்குள் பொறுக்காமல் யூரியா வைத்தால் இலைதான் கொழுக்கும். கொழுத்த இளந்தளிரைத் தேடி, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வரும், கூடவே எறும்பு ஏறும். எறும்பு வரிசையாகப் பந்தல்காலில் ஏறினாலே நுனியைத் திருப்பிப் பாருங்கள். கொஞ்சமாக இருந்தால் காலையில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே போதும். மிஞ்சினால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல். இருட்டுவதற்குள் இலை உலரும்படி மூன்று மணிவாக்கில் அடியுங்கள்.

இலைமேல் மாவு தூவியதுபோல் வெள்ளை படர்ந்தால் அது சாம்பல் நோய். அதற்கு இலை நனையக்கூட வேண்டாம், நிழலும் ஈரக்காற்றும் போதும். கொடியைப் பிரித்துவிடச் சொன்னது அதற்காகவும்தான். வந்துவிட்டால் நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம். வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடிக்காதீர்கள், இலை கருகும்.

பனியைப் பற்றியே யோசித்து மழையை மறந்துவிட வேண்டாம். 2023-இல் மார்கழி பிறந்த கையோடு, டிசம்பர் 17, 18 தேதிகளில்தான் தாமிரபரணி அப்படிப் பெருகியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தை பிறக்கும்வரை பாத்திகளின் வடிகாலைத் தூர்க்காமல் வையுங்கள். மூடாக்குப் போடுவதானால் வைக்கோல் தண்டைத் தொடாமல் நாலு விரல் தள்ளியே கிடக்கட்டும்.

கத்தரிதான் எனக்குக் கவலை. பச்சையாக நிற்கும்போதே வாடிற்று என்கிறீர்களே, வாடிய செடி ஒன்றின் அடித்தண்டைக் குறுக்கே வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, வெட்டிய முனை முங்கும்படி பிடியுங்கள். சில நிமிஷத்தில் பால்போல் நூல் நூலாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். மருந்தடித்துக் காப்பாற்ற முடியாது. வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். உரக்குழியில் போட வேண்டாம். அந்தப் பாத்தியில் இனிக் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் சில வருஷத்துக்குக் கூடாது, மண்ணிலேயே கிருமி இருக்கும். இப்போதைக்கு முள்ளங்கியும் கொத்தமல்லியும் விதையுங்கள், இந்தப் பருவத்துக்கு நன்றாக வரும். பால் இறங்கவில்லை என்றால் தண்ணீர் தேங்கி வேர் அழுகியிருக்கலாம். அப்படியானால் மேட்டுப்பாத்தி போட்டு மறுபடி நடலாம்.

மல்லிக்குக் கவாத்து வழக்கமாக நவம்பர் கடைசியில். இந்த வருஷம் தேதியைப் பார்க்க வேண்டாம், மண்ணைப் பாருங்கள். சொதசொதவென்று இருக்கும்போது வெட்டினால் வெட்டுவாயில் பூஞ்சை ஏறும். நாலைந்து நாள் நல்ல வெயில் அடித்தபின், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டி, தொழுவுரம் வையுங்கள். மார்கழிக் கடைசிவரை தள்ளிப்போனாலும் பாதகமில்லை, பூ கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான்.

மாமரத்துக்கு இப்போது வேண்டியது பட்டினி. பூ எடுக்குமுன் அது ஈரமில்லாத மண்ணில், குளிரில் ஓய்ந்து நிற்க வேண்டும். பிந்திய மழையில் விட்ட கொழுந்து முற்றுவதற்கும் நாள் பிடிக்கும், ஆகவே இந்தத் தடவை பூ தையைத் தாண்டினாலும் தாண்டும். பிஞ்சு பட்டாணி அளவு வரும்வரை தண்ணீர் காட்டாதீர்கள். பக்கத்துப் பாத்தித் தண்ணீர் அதன் தூருக்கு ஓடாதபடி இப்போதே ஒரு வரப்புப் போட்டுவிடுங்கள்.