மறைபரப்புப் பணிக்குத் துணை நிற்க: செபமும் காணிக்கையும் பற்றிச் சில கேள்விகள்

படுத்த படுக்கையாக இருக்கிறேன். மறைபரப்பாளர்களுக்காக, அதாவது நற்செய்தி அறிவிக்கச் செல்பவர்களுக்காக, செபிக்க மட்டுமே முடிகிறது. அது உண்மையிலேயே உதவியாகுமா?

ஆகும். புனித குழந்தை தெரசாவைப் பாருங்கள். 15 வயதில் பிரான்சின் லிசியே நகரில், வெளியே போகாமல் செபத்தில் வாழும் கார்மெல் துறவியர் மடத்தில் சேர்ந்தவர், 1897-ல் 24 வயதில் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். மறைபரப்பு நாடு எதிலும் அவர் கால் வைத்ததில்லை. ஆனாலும் 1927-ல் திருத்தந்தை 11-ஆம் பயஸ், கடல் கடந்து ஊர் ஊராக அலைந்த புனித பிரான்சிஸ் சவேரியாருக்கு இணையாக அவரையும் மறைபரப்புப் பணியின் பாதுகாவலராக அறிவித்தார்.

சீனாவுக்குப் போன ஒரு குருவுக்காகவும், ஆப்பிரிக்காவுக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு குரு மாணவருக்காகவும் தெரசா தொடர்ந்து செபித்தார், கடிதமும் எழுதினார். காசநோயில் உடல் தளர்ந்த நாட்களில்கூட, தோட்டத்தில் சிரமப்பட்டு நடந்ததை, தூர தேசத்தில் களைத்துப்போயிருக்கும் ஒரு மறைபரப்பாளருக்காக ஒப்புக்கொடுத்தார். உங்கள் வலியையும் தூக்கம் வராத இரவுகளையும் அப்படியே ஒப்புக்கொடுங்கள். மருந்தை மட்டும் தவறாமல் சாப்பிடுங்கள். வலியை நாமாகக் கூட்டிக்கொள்வதைக் கடவுள் கேட்கவில்லை.

"மறைபரப்பாளர்களை ஆசீர்வதியும்" என்று தினமும் சொல்கிறேன். மனம் ஒட்டவில்லை. என்ன செய்யலாம்?

செபத்துக்கு ஒரு முகம் வேண்டும். உங்களுக்குத் தெரிந்த ஒரு மறைபரப்பாளரை, அல்லது ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு, ஒரு வருடம் அவர்களுக்காகவே செபியுங்கள். அங்கிருந்து வரும் செய்திகளைப் படித்தால் எதற்காக மன்றாடுவது என்பது தானாகத் தெரிந்துவிடும். செபமாலை சொல்பவர் என்றால், 1951-ல் ஆயர் ஃபுல்டன் ஷீன் தொடங்கிய உலக மறைபரப்பு செபமாலை பொருத்தமாக இருக்கும். ஒவ்வொரு பத்து மணியும் ஒரு கண்டத்துக்கு: பச்சை ஆப்பிரிக்கா, சிவப்பு அமெரிக்கா, வெள்ளை ஐரோப்பா, நீலம் ஓசியானியா, மஞ்சள் ஆசியா. அப்புறம், அறுவடைக்கு வேலையாட்களை அனுப்பும்படி மன்றாடச் சொன்னவர் இயேசுவே (மத்தேயு 9:38). நம் வீட்டுப் பிள்ளைக்கு அந்த அழைப்பு வந்தாலும் சரி என்று சொல்லும் மனதோடு அதைச் செபிப்போம்.

மறைபரப்பு ஞாயிறு காணிக்கை எங்கே போகிறது? பங்குச் செலவுக்கு எடுப்பார்களா?

எடுக்கக் கூடாது. அக்டோபரின் கடைசிக்கு முந்தைய ஞாயிறு அன்று உலகம் முழுவதும் எடுக்கப்படும் இந்தக் காணிக்கை, மறைமாவட்டம் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி) வழியாக, திருத்தந்தையின் கீழ் இயங்கும் பாப்பிறை மறைபரப்புச் சங்கங்களின் பொது நிதிக்குப் போகிறது. அங்கிருந்து வசதியில்லாத மறைமாவட்டங்களுக்குப் பகிர்ந்து தரப்படுகிறது. சிற்றாலயம் கட்டுவது, வேதியர்களுக்கு (மறைக்கல்வி கற்பிப்பவர்களுக்கு) பயிற்சி கொடுப்பது போன்ற வேலைகள் அதில் நடக்கின்றன. குறிப்பிட்ட நோக்கத்துக்காகக் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் (எண் 1267). கணக்கு கேட்பதில் தவறே இல்லை.

என்னால் முடிந்தது மிகச் சிறிய தொகை. வெட்கமாக இருக்கிறது.

வெட்கப்படாதீர்கள். பாப்பிறை மறைபரப்புச் சங்கங்களில் முதலாவது, சில்லறைக் காசில் தொடங்கியதுதான். பிரான்சின் லியோன் நகரில் போலின் ஜாரிக்கோ என்ற இளம்பெண், பட்டுத் தொழிலாளர்களைப் பத்துப் பத்துப் பேராகச் சேர்த்தார். ஆளுக்கு வாரம் ஒரு சூ, அதாவது அந்நாட்டின் சிறிய செப்புக் காசு. கூடவே செபம். பத்துப் பேரின் காசை ஒருவர் திரட்டுவார், அப்படிப் பத்துக் குழுக்களின் தொகை இன்னொருவரிடம் சேரும். இப்படி வளர்ந்ததே 1822-ல் விசுவாசப் பரப்புதல் சங்கமாக உருவானது. சரியாக 100 ஆண்டுகள் கழித்து, 1922-ல், அது பாப்பிறைச் சங்கமாக உயர்த்தப்பட்டது. 2022-ல் போலின், புனிதர் நிலைக்கு முந்தைய படியான அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டார். அவர் துறவியும் அல்ல, சாதாரண பொதுநிலையினர். வாரந்தவறாமல் வருகிற சிறு தொகையை நம்பித்தான் ஒரு குருமடமோ பள்ளியோ திட்டமிட முடியும் என்பதால், எப்போதாவது தரும் பெருந்தொகையைவிட அதையே நான் உயர்வாக நினைக்கிறேன்.

மறைபரப்பாளர் ஒருவர் பெயரில் உதவி கேட்டு, வங்கிக் கணக்கு எண்ணோடு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. அனுப்பலாமா?

உடனே அனுப்பாதீர்கள். அவர் எந்தத் துறவற சபை, எந்த மறைமாவட்டம் என்று கேளுங்கள். அந்தச் சபையின் தலைமை இல்லத்தையோ ஆயர் இல்லத்தையோ நீங்களாகவே தேடித் தொடர்புகொண்டு உறுதிசெய்யுங்கள். செய்தியில் வந்த எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். தனிநபர் கணக்கைவிட நிறுவனத்தின் கணக்கும் ரசீதும் பாதுகாப்பு. "இன்றைக்கே வேண்டும்" என்று நெருக்கினால் இன்னும் நிதானமாக இருங்கள்.

கடனில் தத்தளிக்கிறேன். காணிக்கை கொடுக்காதது பாவமா?

இல்லை. மனவருத்தத்தோடோ கட்டாயத்தினாலோ கொடுக்க வேண்டாம் என்று பவுலே எழுதியிருக்கிறார் (2 கொரிந்தியர் 9:7). கடனை அடையுங்கள், செபியுங்கள்.

பிள்ளைகளை எப்படி ஈடுபடுத்துவது?

ஆயர் ஃபோர்பின்-ஜான்சன் 1843-ல் பிள்ளைகளுக்கான மறைபரப்புச் சங்கமான திருப்பாலர் சபையைத் தொடங்கியபோது பிள்ளைகளிடம் கேட்டது, தினம் ஒரு 'அருள் நிறைந்த மரியே', மாதம் ஒரு சிறு காசு. இன்றும் இது போதும். ஒரு உண்டியல் வையுங்கள். நீங்கள் பணம் கொடுத்துப் போடச் சொல்லாதீர்கள், தின்பண்டத்திலோ பொம்மையிலோ அவர்களாக விட்டுக்கொடுத்ததிலிருந்து வரட்டும். நிறைந்ததும் அவர்களே எண்ணி, கோவிலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.