அடுத்த பாகம் எப்போது வரவேண்டும்? – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நிண்டெண்டோவின் புது கன்சோல் ஸ்விட்ச் 2 வாங்கியதிலிருந்து மரியோ கார்ட் வேர்ல்டு என்ற கார் பந்தய கேம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. விளையாட விளையாட ஒரு எரிச்சலும் வருகிறது. 2014இல் வந்த மரியோ கார்ட் 8க்கு அடுத்தது வர 2025 ஆக வேண்டுமா? நடுவில் ஸ்விட்ச் என்று ஒரு கன்சோலின் காலமே ஓடிவிட்டது, அதற்கென்று புதிதாக ஒன்றுகூட இல்லை, பழையதையே டீலக்ஸ் என்று பெயர் வைத்து விற்றார்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டாமா? மூன்று வருடத்துக்கு ஒரு பாகம் என்று எல்லாத் தொடர்களையும் முறை வைத்து வெளியிட்டால் நிண்டெண்டோவுக்கு என்ன குறைந்துவிடும்? நிண்டெண்டோவின் இன்னொரு பந்தயத் தொடரான எஃப்-ஜீரோவின் ரசிகன் என்ற முறையில் கேட்கிறேன், வயிற்றெரிச்சல் புரியும் என்று நினைக்கிறேன். அப்படியே அவர்களுடைய சண்டை கேமான ஸ்மாஷ் அடுத்து எப்போது என்றும் சொல்லுங்கள்.

கதிர்

அன்புள்ள கதிர்,

எஃப்-ஜீரோ விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். மரியோ கார்ட் விஷயத்தில் இல்லை.

கேம் மட்டும் வெளியிடும் நிறுவனத்துக்கு எத்தனை பிரதி விற்றது என்பதோடு கணக்கு முடிந்துவிடும். கன்சோலையும் சேர்த்து விற்பவருக்கு அப்படி இல்லை, இந்த கேமுக்காக எத்தனை பேர் மெஷினை வாங்குவார்கள் என்பதுதான் அவருக்கு முதல் கேள்வி, ஏனென்றால் மெஷின் வீட்டுக்குள் போனால்தான் அதற்குப் பின்னால் மற்ற கேம்கள், ஆன்லைன் சந்தா, இன்னொரு கன்ட்ரோலர் எல்லாம். மரியோ கார்ட் 8 முதலில் வந்தது ஸ்விட்சுக்கு முந்தைய கன்சோலான வீ யூவில். அந்த மெஷின் தன் ஆயுளில் விற்றதே சுமார் 1.35 கோடிதான். அதே கேம் 2017 ஏப்ரலில் டீலக்ஸாக ஸ்விட்சுக்கு வந்து 6 கோடிக்கு மேல் விற்றது. அப்படியென்றால் அதை வாங்கியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது பழைய சரக்கே இல்லை, புது கேம். வருடா வருடம் புதிதாக ஸ்விட்ச் வாங்கியவர்கள் கூடவே அதையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அப்படி ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தி 2020இல் ஒரு ஒன்பதாம் பாகத்தை இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆன்லைனில் பாதிப்பேர் பழையதில், பாதிப்பேர் புதியதில். சேர்ந்து விளையாடும் கேமுக்கு ஆட்கள் சிதறுவதைவிடப் பெரிய கெடுதல் இல்லை.

அவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. டீலக்ஸில் முதலில் இருந்தவை 48 தடங்கள். 2022, 2023இல் ஆறு தவணையாக இன்னும் 48 வந்தன. வேறு நிறுவனமாக இருந்தால் அதை ஒரு புதுப் பெட்டியில் போட்டு முழு விலைக்கு விற்றிருக்கும். வேர்ல்டையும்கூட முதலில் ஸ்விட்சுக்கு என்றுதான் ஆரம்பித்திருக்கிறார்கள், அதை உருவாக்கியவர்களே சொன்னது இது. ஒரு பந்தயத்தில் 24 பேர், ஒரு தடத்திலிருந்து அடுத்த தடத்துக்கு ஓட்டிக்கொண்டே போகலாம் என்று ஒட்டுமொத்தமாக விரிந்த உலகம், இதெல்லாம் பழைய மெஷினில் இழுக்காது என்று தெரிந்த பிறகுதான் ஸ்விட்ச் 2க்கு மாற்றினார்கள். அடுத்த பாகத்துக்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

கதை கேம்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஒருமுறை முடித்துவிட்டால் அலமாரிக்குப் போய்விடும், அதனால் ஒரே மெஷினில் இரண்டு வந்தாலும் பாதகமில்லை. ஜெல்டா என்ற சாகசத் தொடரில் பிரெத் ஆஃப் தி வைல்ட் 2017 மார்ச்சில், டியர்ஸ் ஆஃப் தி கிங்டம் 2023 மே மாதம். ஆறு வருடம், கதை நடக்கும் அதே ஹைரூல் நாட்டின் வரைபடம், மேலே வானத் தீவுகள், கீழே இருண்ட பாதாளம். கேட்டால் சோம்பேறித்தனம் போலத் தோன்றும். ஆனால் கிடைக்கிற பலகை, சக்கரம், மின்விசிறி எதையும் எதனோடும் ஒட்டி வண்டி செய்து ஓட்டலாம் என்றாகிவிட்டதால், முன்னே மூச்சு வாங்க ஏறிய அதே மலை இப்போது வேறு மலை. 2022இல் வந்திருக்க வேண்டியதை மெருகேற்றுவதற்கென்றே தள்ளிப்போட்டார்கள். வெளியான மூன்று நாளில் 1 கோடி விற்றது. ஆறு வருடக் காத்திருப்பு யாரையும் விரட்டிவிடவில்லை.

நீங்கள் சொல்லும் 'முறை வைத்து' என்பதில்தான் எனக்குப் பயம். போகிமானைப் பாருங்கள். 2022 ஜனவரியில் லெஜெண்ட்ஸ் ஆர்சியஸ், அதே வருடம் நவம்பரில் ஸ்கார்லெட், வயலெட். அனிமே, அட்டை, பொம்மை எல்லாம் ஒன்றோடொன்று கோர்த்துக் கிடப்பதால் அங்கே தேதியைத் தள்ளுவது லேசான காரியமில்லை. விளைவு என்ன? ஸ்கார்லெட், வயலெட் வந்தபோது சற்றுத் தூரத்தில் நடந்தவர்கள் பொம்மலாட்டம் போல விட்டுவிட்டு அசைந்தார்கள், காற்றாலை விசிறி விக்கி விக்கிச் சுற்றியது, ஆட்கள் தரைக்குள் புதைந்தார்கள். அதுவும் மூன்று நாளில் 1 கோடி விற்றது என்பது வேறு விஷயம், அப்படி விற்பதுதான் பிரச்சினையே! நல்லவேளை, 2024இல் புதிய பெரிய போகிமான் கேம் எதுவும் வரவில்லை.

கன்சோல் வெளியாகும் நாளுக்குள் முடித்தாக வேண்டும் என்பதும் இதே மாதிரி ஒரு கண்ணி. ஹேலோ என்ற துப்பாக்கிச் சண்டைத் தொடரின் இன்ஃபினிட் பாகம் 2020 நவம்பரில் மைக்ரோசாஃப்டின் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸோடு சேர்ந்து வர வேண்டியது. அந்த ஜூலையில் காட்டிய காட்சியில் புரூட் என்ற வேற்றுகிரக எதிரி ஒருவனின் முகம் மாவு பிசைந்து வைத்தது போல எந்த உணர்ச்சியும் இல்லாமல் தெரிந்தது, இணையமே அதை வைத்துச் சிரித்தது, அடுத்த மாதமே தள்ளிப்போட்டார்கள். கடைசியில் கதைப்பகுதி வந்தது 2021 டிசம்பரில். மெஷினின் முதல் வருடம் ஹேலோ இல்லாமலே போனது. அப்படியும் நண்பர்கள் சேர்ந்து கதையை ஆடும் வசதிக்கு இன்னொரு வருடம் ஆனது. ஆனாலும் தள்ளிப்போட்டது சரி என்றுதான் சொல்வேன், அந்த முகத்தோடு வந்திருந்தால் தொடருக்கே கேடு.

ரொம்பத் தாமதிப்பதும் ஆகாது. சோனியின் கார் பந்தயத் தொடரில் கிரான் டூரிஸ்மோ 6 வந்தது 2013 டிசம்பரில், பிளேஸ்டேஷன் 3க்கு. அதற்கு முந்தைய மாதம்தான் பிளேஸ்டேஷன் 4 வந்திருந்தது, அதில் பழைய டிஸ்க் ஓடாது. ஐந்தாம் பாகம் விற்றதில் பாதியைக்கூட அது எட்டவில்லை. சோனியின் இன்னொரு கேமான காட் ஆஃப் வார் 2 மட்டும் 2007இல், பிளேஸ்டேஷன் 3 வந்த பிறகும் பிளேஸ்டேஷன் 2க்கு வந்து ஜெயித்ததே என்று கேட்பீர்கள். அப்போது புது மெஷின் விலை கண்ணைக் கட்டியது, பழையது 10 கோடி வீட்டில் இருந்தது, போதாததற்கு பிளேஸ்டேஷன் 3இன் ஆரம்ப மாடல்களில் பிளேஸ்டேஷன் 2 டிஸ்க் ஓடியது. எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

ஆக என் கட்சி இதுதான்: சேர்ந்து விளையாடும் தொடர் என்றால் மெஷினுக்கு ஒன்று, அதுவும் முதல் இரண்டு வருடத்துக்குள், கதைத் தொடர் என்றால் புதிதாகச் சொல்ல ஏதாவது கிடைத்தபோது.

எஃப்-ஜீரோவுக்கு இந்த இரண்டு நியாயமும் பொருந்தாது, ஒத்துக்கொள்கிறேன். 2004க்குப் பிறகு முழுசாக ஒரு புதுப் பாகம் இல்லை. 2023இல் வந்த எஃப்-ஜீரோ 99கூட பழைய சூப்பர் நிண்டெண்டோ கேமின் மேல் 99 பேரை ஏற்றிவிட்டதுதான். ரசிகர்கள் கலைந்த பிறகு சந்தை இல்லை என்று சொல்வது என்ன நியாயம்? திட்டுங்கள், நானும் கூட வருகிறேன்.

ஸ்மாஷ் இப்போதைக்கு வராது என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான். நிண்டெண்டோ 64இலிருந்து ஸ்விட்ச் வரை மெஷினுக்கு ஒன்று என்ற வழக்கம் தவறவில்லை, ஆகவே ஸ்விட்ச் 2க்கும் ஒன்று வரும். ஆனால் அதை இயக்கும் சகுராய் 2025 நவம்பரில் வந்த கிர்பி ஏர் ரைடர்ஸ் என்ற வேறொரு கேமில் மூழ்கியிருந்தார். அப்புறம், ஸ்விட்சுக்கு வந்த ஸ்மாஷான அல்டிமேட்டில் பழைய வீரர்கள் அத்தனை பேரையும் சேர்த்து 80க்கு மேல் நிற்க வைத்துவிட்டார்கள். அடுத்ததில் எத்தனை பேரை வெட்டினாலும் ரகளைதான், யாரையும் வெட்டாமல் விட்டால் அது அல்டிமேட் டீலக்ஸ். அதற்கும் நீங்கள்தான் முதல் ஆளாகக் கடிதம் போடுவீர்கள்.