கடையில் வைத்த சரக்கு யாருடையது?

கேள்வி: நான் தைக்கும் துணிப்பைகளைத் தன் கடையில் கன்சைன்மென்ட்டாக வைத்து விற்றுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். விற்றால்தான் பணம், விற்காததைத் திருப்பிக் கொடுத்துவிடுவாராம். ஒரு பக்க ஒப்பந்தமும் தந்திருக்கிறார். கையெழுத்துப் போடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். இந்த முறையில் பை கடைக்குப் போனாலும் விற்கும் வரை அது உங்கள் சொத்துதான், கடைக்காரர் உங்களுக்காக விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட் மட்டுமே. கடைக்கு அனுப்பியதை நீங்களும் விற்பனையாகக் கணக்கு எழுதக் கூடாது, உங்கள் ஸ்டாக்காகவே காட்ட வேண்டும். 'விற்கும் வரை உரிமை அனுப்பியவருக்கே' என்ற வரி அந்தப் பக்கத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள், மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

கடை நொடித்துப் போனால் அந்த வரியின் அருமை தெரியும். கடன் கொடுத்தவர்கள் உள்ளே இருப்பதையெல்லாம் கடைக்காரர் சொத்து என்று அள்ளப் பார்ப்பார்கள், எந்தப் பை உங்களுடையது என்று காட்ட எண்ணிக்கை, அடையாள எண், தேதியோடு அவர் கையெழுத்திட்ட சரக்குப் பட்டியல் உங்களிடம் இருக்க வேண்டும். சில நாடுகளில் இப்படி வைத்த சரக்கை அரசுப் பதிவேட்டிலும் பதிந்துவைக்க வேண்டியிருக்கும், ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, பை விற்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது இனி வாங்கியவருடையது, உங்களுக்கு மிஞ்சுவது கடைக்காரர் கல்லாவில் கிடக்கும் பணம். அதை எடுத்து அவர் வாடகை கட்டிவிட்டால்? எனக்கு இதுதான் பெரிய பயம், கமிஷன் சதவீதத்துக்காக மணிக்கணக்கில் பேரம் பேசுகிறவர்கள்கூட பணம் எந்தத் தேதியில் கைக்கு வரும் என்று கேட்பதில்லை. மாதாமாதம் எது விற்றது, என்ன விலைக்கு, எவ்வளவு கமிஷன் பிடித்தார் என்று விற்பனைக் கணக்கு வர வேண்டும், இத்தனை நாளுக்குள் பணமும் வர வேண்டும், உங்கள் பணத்தைத் தன் பணத்தோடு கலக்காமல் வைக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். கடனுக்கு விற்றால் வசூலாகாத பணம் யார் தலையில் விழும் என்பதும் அதில் வர வேண்டும். அந்தப் பொறுப்பைக் கடைக்காரர் ஏற்றால் டெல் கிரெடரே கமிஷன் என்று கூடுதலாகக் கேட்பார், அது நியாயம்தான்.

தள்ளுபடி கொடுக்கும் அதிகாரம் யாருக்கு, எதற்குக் கீழே விற்கக் கூடாது என்பதையும் போடுங்கள். அப்புறம் திருட்டு, தீ. சொத்து உங்களுடையது என்பதால் வேறு மாதிரி எழுதாதவரை நஷ்டமும் பெரும்பாலும் உங்களுடையதே, கடையின் இன்சூரன்ஸ் அடுத்தவர் சரக்குக்கும் பொருந்துமா என்று பாலிசியைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். விற்காததை எத்தனை மாதத்தில், யார் செலவில் திருப்புவது என்பது சின்ன விஷயம், ஒரு வரி போதும்.

கேள்வி: என் சரக்கை எடுத்துக்கொண்ட கடைக்காரர், 60 நாளில் பணம் தருகிறேன் என்று என்னிடம் பில் கேட்கிறார். விற்றாலும் விற்காவிட்டாலும் பணம் வருமாம். இதுவும் கன்சைன்மென்ட்தானா?

பதில்: இல்லை, இது கடன் விற்பனை. சரக்கு அவருடையதாகிவிடும், என்ன விலைக்கு விற்பது என்பதும் அவர் இஷ்டம். பணம் வராவிட்டால் அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் நீங்களும் ஒருவர், அவ்வளவுதான்.