எஸ்டோனிய நாட்டார் மரபைக் காக்க இளைஞர் குழு: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எஸ்டோனியாவில் பழைய பாடல்களும் வழக்கங்களும் மறையாமல் இருக்க உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்துக் குழு அமைக்க வேண்டும். நடைமுறையில் என்னென்ன செய்ய வேண்டும்?

"எஸ்டோனியப் பண்பாடு" முழுவதையும் தோளில் தூக்காதீர்கள். ஒரே ஒரு கிஹெல்கொண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தேவாலயத்தை மையமாகக் கொண்ட பழைய ஊர்வட்டத்துக்கு அதுதான் பெயர். நாட்டில் இவை நூற்றுக்கும் மேல் இருந்தன. பாட்டின் மெட்டு, பாவாடையின் கோடு, பேச்சின் ஓசை எல்லாம் வட்டத்துக்கு வட்டம் மாறும். 1927இல் தார்த்து நகரில் தொடங்கிய நாட்டார் வழக்காற்றுக் காப்பகத்திலும் வட்டத்தின் பெயரைக் கொண்டுதான் தேட வேண்டும். உங்கள் வட்டத்தில் முன்பே என்ன பதிவாகியிருக்கிறது என்று அங்கே பார்த்துவிட்டுத்தான் களத்துக்குப் போக வேண்டும்.

பன்னிரண்டு பேர் போதும். வாரம் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம். செப்டம்பரில் தொடங்குவது நல்லது. நவம்பர் 10 மார்ட் நாள், நவம்பர் 25 காத்ரி நாள். வேடமிட்டு வீடு வீடாகப் பாடிப்போகும் இந்த இரண்டும் புதுக் குழுவுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த பயிற்சி. மார்ட் கூட்டத்துக்குக் கறுப்பு உடை, உட்புறம் வெளியே திருப்பிய ஆட்டுத்தோல் கோட்டு. காத்ரி கூட்டத்துக்கு வெள்ளை. மார்ட் கூட்டத்தின் தலைவரான மார்ட் தந்தை தானியத்தைத் தரையில் தூவி விளைச்சலுக்கு வாழ்த்துவார். காத்ரி வாழ்த்து ஆட்டுமந்தைக்கு. இரண்டையும் கலந்து ஒரே "முகமூடி விழா"வாக ஆக்கிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் ஒரு வாரம் முன்பே வாசலில் அறிவிப்பு ஒட்டி, எந்தெந்த வீட்டார் வரச் சொல்கிறார்கள் என்று பட்டியல் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் பூட்டிய கதவுக்கு முன் நின்றுவிட்டுத் திரும்புவார்கள், மறுவருடம் வரமாட்டார்கள்.

பாட்டுக்கு வருவோம். ரெகிலவுல் என்னும் பழம்பாடலின் அடிக்கு எட்டு அசை. அடிக்குள் மோனை அடர்ந்து வரும். ஒரு அடி சொன்னதையே அடுத்த அடி வேறு சொற்களில் திரும்பச் சொல்லும். முன்பாடகர் ஒரு அடி பாட, கூட்டம் அதைத் திருப்பிப் பாடும். முன்பாடகரின் கடைசி அசைகளிலேயே கூட்டம் நுழைந்துவிட வேண்டும். அவர் முடிக்கும்வரை காத்திருந்தால் பாட்டு துண்டு துண்டாகிவிடும். பள்ளிப் பாடகர் குழுவில் பழகிய பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுவார்கள்: நடத்துநரின் கையைப் பார்ப்பார்கள், சுரம் பிரித்துப் பாடுவார்கள், தாளைப் பார்த்துப் படிப்பார்கள். தாளை எடுத்துவிடுங்கள். மாதத்துக்கு ஒரே பாட்டு, பதினைந்து இருபது அடி. வட்டமாக நடந்துகொண்டே, ஒவ்வொருவரும் முறை வைத்து முன்பாடகராகட்டும்.

சொற்களை இன்றைய எஸ்டோனியனுக்கு மாற்றவே கூடாது. பேச்சுமொழி காலப்போக்கில் பல அசைகளை விழுங்கிவிட்டது. பாட்டு அவற்றைக் காத்து வைத்திருக்கிறது. "புரியும்படி" திருத்தினால் எட்டு அசை ஆறாகி மெட்டு நொண்டும். மாதிரிக்கு 1936 முதல் 1938 வரை வானொலி நிலையத்தில் கிராமத்துப் பாடகர்களை வரவழைத்துப் பதிந்த ஒலித்தட்டுகள் இருக்கின்றன. மேடைக் குழுக்களின் பதிவுக்கு முன்னால் அவற்றைக் கேளுங்கள். தென்கிழக்கில் செத்தோ மக்களின் லேலோ என்னும் கூட்டுப் பாடல் வேறு முறை. அதில் கில்லோ என்னும் மேற்குரலை ஒருவர் மட்டுமே பாடுவார். யுனெஸ்கோ பட்டியலில் 2009இல் சேர்ந்தது அது. செத்தோ ஆசிரியர் ஒருவர் கிடைக்காமல் அதைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து.

உடையிலும் கவனம் தேவை. பாவாடைக்கு முன்னால் கட்டும் ஏப்ரன் துணியும் தனு என்ற தொப்பியும் பெரும்பாலான வட்டங்களில் மணமான பெண்ணின் அடையாளம். பதினாறு வயதுப் பெண்ணுக்குத் தலையில் வளையம்தான். முழு உடை தைக்கப் பணமும் காலமும் பிடிக்கும். முதல் வருடம் ஆளுக்கொரு இடைக்கச்சை நெய்யக் கற்றாலே போதும்.

சேகரிப்புக்கு இருவர் இருவராகப் போக வேண்டும். 1904இல் நாட்டார் வழக்காற்று அறிஞர் ஆஸ்கர் கல்லஸ் மெட்டுகளைச் சேகரிக்க மாணவர்களை அப்படித்தான் அனுப்பினார்: ஒருவர் சொல்லை எழுத, இசை தெரிந்த மற்றவர் மெட்டை எழுதினார். பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 13,000 மெட்டுகள் சேர்ந்தன. இன்று ஒருவர் பேச்சுக் கொடுக்கட்டும், மற்றவர் கருவியையும் குறிப்பேட்டையும் பார்த்துக்கொள்ளட்டும். ஒலிப்பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் (WAV) கோப்பாக இருக்கட்டும். ஸ்டீரியோவில் மணிக்கு ஒரு ஜிபி ஆகும். மைக் வாயிலிருந்து ஒன்றரைச் சாண் தூரத்தில் இருக்கட்டும். குளிர்சாதனப் பெட்டி இருக்கும் சமையலறையில் உட்காராதீர்கள். அதன் உறுமலைப் பிறகு முழுமையாக நீக்க முடியாது. தொடங்கும்போதே நாள், இடம், பெயர் மூன்றையும் வாயால் சொல்லிப் பதியுங்கள்.

"பழைய பாட்டு தெரியுமா பாட்டி?" என்று கேட்டால் "தெரியாது" என்றுதான் பதில் வரும். "சின்ன வயதில் மார்ட் நாளுக்கு யாரோடு போனீர்கள்? முகமூடி எதில் செய்தீர்கள்? அந்த வீட்டில் என்ன கொடுத்தார்கள்?" என்று கேளுங்கள், பாட்டு தானாக வரும். "இதை யாரிடம் கற்றீர்கள்?" என்பதையும் விடாதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சேகரிப்பாளர்களிலேயே சிலர் அச்சுப் புத்தகத்தைப் பார்த்து எழுதி அனுப்பியது பிறகு தெரியவந்தது.

ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க ஆறு மணி நேரமாவது வேண்டும். குழுக்கள் உடைவது இங்கேதான்: நாற்பது பதிவுகள் குவிந்துகிடக்கும், ஒன்றும் எழுதப்பட்டிருக்காது. முந்தையது எழுதி முடியாமல் அடுத்த வீட்டுக்குப் போவதில்லை என்று முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். வட்டார வழக்கைக் கேட்டபடியே எழுதுங்கள்.

ஒப்புதல் படிவத்தில் மூன்று கேள்விகளைத் தனித்தனியாக வையுங்கள்: காப்பகத்தில் வைக்கலாமா, இணையத்தில் ஏற்றலாமா, குழு பாடலாமா? முதலாவதுக்குச் சம்மதித்து இரண்டாவதை மறுப்பவர்கள் இருப்பார்கள், அதை மதிக்க வேண்டும். நாட்டார் பாடலுக்கு எஸ்டோனியச் சட்டத்தில் பதிப்புரிமை கிடையாது. ஆனால் பாடியவரின் குரலும் அவர் சொன்ன வாழ்க்கைச் செய்தியும் அவருடையவை.

பணத்துக்கு லாப நோக்கற்ற சங்கமாகப் பதிவு செய்வது வசதி. இரண்டு நிறுவனர்கள் போதும். நாட்டின் பண்பாட்டு நிதியம் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் 20ஆம் தேதி வரை விண்ணப்பம் வாங்கும். நாட்டார் பண்பாட்டுக்குத் தனிப் பிரிவு உண்டு. "மரபைக் காத்தல்" என்று எழுதாமல் "இந்த வட்டத்தின் பத்து முதியவர்கள், பத்துப் பதிவு, எழுத்துப்படி, காப்பகத்தில் ஒப்படைப்பு" என்று எழுதுங்கள்.

பிள்ளைகளைத் தக்கவைக்க, நாட்டார் வழக்காறுகளைச் சேகரித்த யாக்கோப் ஹுர்ட்டின் வழியே இன்றைக்கும் நல்ல வழி. 1888இல் அவர் செய்தித்தாளில் விடுத்த அழைப்புக்கு ஏறத்தாழ 1,400 பேர் எழுதி அனுப்பினார்கள். ஒரு லட்சம் பக்கங்களுக்கு மேல் சேர்ந்தது. யார் என்ன அனுப்பினார்கள் என்பதை செய்தித்தாளிலேயே தொடர்ந்து வெளியிட்டார். நீங்களும் பாடியவர், பதிந்தவர், எழுதியவர் பெயர்களை மாதம் ஒருமுறை ஊர் நூலகச் சுவரில் ஒட்டுங்கள். பதிவின் பிரதியை இரண்டு வாரத்துக்குள் அந்தக் குடும்பத்துக்கு, சேகரித்த பிள்ளையின் கையாலேயே கொடுங்கள்.