பிளாஸ்டிக்கின் ஆயுளும் ஆன்டிஆக்ஸிடன்ட்டும்

கேள்வி: வெயிலே படாமல் வைத்திருந்த பிளாஸ்டிக் பெட்டியும் சில ஆண்டுகளில் விரிசல் விட்டு நொறுங்குகிறது. தயாரிக்கும்போதே ஆன்டிஆக்ஸிடன்ட் கலக்கிறார்கள் என்று படித்தேன். அப்படியிருந்தும் ஏன் கெடுகிறது?

பதில்: காற்றிலுள்ள ஆக்சிஜன்தான் முதல் காரணம். பாலிபுரொப்பிலீன் போன்ற பிளாஸ்டிக்குகளின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அணு பிரிந்ததும் அங்கே ஒரு தனி உறுப்பு (free radical; இணை சேராத எலக்ட்ரான் கொண்டதால் எளிதில் வினைபுரியும் துண்டு) உருவாகிறது. அது ஆக்சிஜனுடன் சேர்ந்து, பக்கத்துச் சங்கிலியின் ஹைட்ரஜனைப் பறித்து, ஹைட்ரோபெராக்சைடாக மாறுகிறது. அந்த ஹைட்ரோபெராக்சைடும் பிளந்து மேலும் தனி உறுப்புகளை உண்டாக்குவதால், ஒருமுறை தொடங்கிய சிதைவு போகப் போக வேகமெடுக்கிறது. சங்கிலிகள் துண்டாகும்போது பொருள் வளையும் தன்மையை இழந்து நொறுங்குகிறது.

இதை ஆன்டிஆக்ஸிடன்ட் எனப்படும் தடுப்பிகளைக் கொண்டு இரண்டு இடங்களில் தடுக்கிறார்கள். ஃபீனால் வகைத் தடுப்பிகள் தங்கள் ஹைட்ரஜனைக் கொடுத்துத் தனி உறுப்புகளை அடக்குகின்றன. பாஸ்பைட், தயோஎஸ்டர் வகைகள் ஹைட்ரோபெராக்சைடைத் தீங்கற்ற பொருளாக மாற்றுகின்றன. இரண்டையும் சேர்த்துக் கலப்பதே சிறந்தது என்பதால், ஒன்றை மட்டும் கூடுதலாகப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெரும்பாலும் மொத்த எடையில் 1 சதவீதத்துக்கும் குறைவான அளவே போதுமானது.

ஆனால் தடுப்பி வேலை செய்யும்போதே செலவாகிவிடுகிறது என்பதுதான் உங்கள் கேள்விக்கு விடை. 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருக்கி வார்க்கும் கட்டத்திலேயே ஒரு பகுதி தீர்ந்துவிடும். BHT என்ற ஃபீனால் வகைத் தடுப்பி போன்ற சிறிய மூலக்கூறுகள் மெல்ல ஆவியாகியும் வெளியேறும். நீண்ட காலம் உழைக்க வேண்டிய பொருளுக்குப் பெரிய மூலக்கூறுகளைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான். எஞ்சியதும் தீர்ந்தபின் சிதைவைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. செம்புக் கம்பியைத் தொட்டிருக்கும் உறைகளில், உலோகமே ஹைட்ரோபெராக்சைடைப் பிளந்து சிதைவை விரைவுபடுத்துவதால், அந்த உலோகத்தைச் செயலிழக்கச் செய்யும் தனிச் சேர்மமும் தேவைப்படுகிறது.

வெயிலில் நிற்கும் பொருளுக்கு இவை மட்டும் போதாது. புறஊதாக் கதிரைத் தாங்க அமீன் வகை ஒளி நிலைப்படுத்திகளோ கரித்தூளோ (கார்பன் பிளாக்) சேர்க்க வேண்டும். (செயற்கை மூட்டுகளில் பயன்படும் பாலிஎதிலீனில் ஆன்டிஆக்ஸிடன்ட்டாக வைட்டமின் ஈ கலக்கிறார்கள் என்பது இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி.) மறுசுழற்சி செய்த பிளாஸ்டிக்கில் பழைய தடுப்பி பெரும்பாலும் தீர்ந்திருக்கும். ஆகவே மீண்டும் உருக்கும் முன் புதிதாகத் தடுப்பி கலப்பது மிக அவசியம்; அதைத் தவிர்த்தால், உருக்கும்போதே சங்கிலிகள் மேலும் அறுபட்டு, வார்த்தெடுக்கும் பொருள் தொடக்கத்திலேயே வலுவிழந்திருக்கும்.