புத்தகத்தில் 8.7, உங்கள் எஞ்சினில் எவ்வளவு?

கேள்வி: ஐயா, அப்பா 1997இல் வாங்கிய மாருதி 800 வீட்டில் சும்மா நிற்கிறது. கார்புரேட்டர் மாடல். 2011இல் ஒருமுறை எஞ்சினை இறக்கி போர் செய்தோம். பில் கைவசம் இல்லை. இதற்கு ஒரு சிறிய டர்போ பொருத்தி, ரேஸ் டிராக்கில் மட்டும் ஓட்டிப் பார்க்க ஆசை. 0.4 பார் அழுத்தம் போதும். "அமுக்க விகிதம் 8.7தான், டர்போவுக்குத் தோதானது, கம்ப்ரஷன் கேஜ் மூன்று சிலிண்டரிலும் ஒரே அளவு காட்டுகிறது, எஞ்சினைப் பிரிக்கத் தேவையில்லை" என்கிறார் மெக்கானிக். அவர் சொல்வது சரியா?
– வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: சரியில்லை. பிரிக்காமல் டர்போவைத் தொடாதீர்கள். அமுக்க விகிதம் என்பது, பிஸ்டன் அடியில் இருக்கும்போது சிலிண்டரில் உள்ள இடம், அது உச்சிக்கு வந்தால் எத்தனை மடங்கு சுருங்குகிறது என்ற எண்.

என் மேசையில் ஒரு பிஸ்டன் இருக்கிறது, இதே 796 சி.சி. எஞ்சினுடையது. 2003இல் ஓர் இளைஞர் உங்களைப் போலவே வந்தார். கேஜ் வைத்துப் பார்த்தேன், மூன்றும் சமம். நானும் பிரிக்காமலே டர்போவைப் பொருத்திக் கொடுத்தேன். இரண்டாம் நாள் எண்ணெய்க் குச்சி தானாக வெளியே எழும்பிவிட்டது, எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாயில் நீலப் புகை. சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றினால் மூன்று பிஸ்டன் தலைகளும் பார்வைக்குச் சுத்தமாக இருந்தன. பிஸ்டனை வெளியே இழுத்த பிறகுதான் தெரிந்தது: மூன்றாவது சிலிண்டரில் முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவிலுள்ள வரம்பு பிளந்து கிடந்தது. அந்த இளைஞரின் பணம் வீணாகியது என் தவறு. அன்றிலிருந்து அளக்காமல் ஓர் எஞ்சினையும் டர்போவுக்கு விட்டதில்லை.

மூன்று சிலிண்டரும் சமம் என்று கேஜ் சொன்னால், அவை ஒன்றுக்கொன்று சமம் என்பது மட்டுமே பொருள். மூன்றிலும் விகிதம் ஏறியிருந்தாலும் அது சமமாகத்தான் காட்டும்.

உங்கள் எஞ்சினில் விகிதம் ஏறியிருக்கும் என்று நான் ஏன் நினைக்கிறேன்? கணக்கைப் பாருங்கள். இந்த எஞ்சினின் போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 68.5 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 72. ஒரு சிலிண்டருக்கு 265.3 சி.சி. விகிதம் 8.7 என்றால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் 34.5 சி.சி. போர் செய்தபோது சிலிண்டரைக் கடைந்து 0.50 மில்லிமீட்டர் பெரிய (ஓவர்சைஸ்) பிஸ்டன் போட்டிருந்தால் கொள்ளளவு 269.2 ஆகிவிட்டது. எஞ்சின் இறக்கியபோது ஹெட்டின் அடிமுகத்தையும் சமமாகச் சீவி ஃபேஸிங் செய்திருப்பார்கள். சூடேறி வளைந்த ஹெட் என்றால் கட்டாயம் செய்திருப்பார்கள். 0.3 மில்லிமீட்டர் சீவினாலே மேலிடத்தில் ஏறத்தாழ 0.9 சி.சி. போய்விடும். மிச்சம் 33.6. இப்போது விகிதம் 8.7 இல்லை, 9.0. இதன்மேல் 2011க்குப் பிந்தைய கரி படிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். புத்தகம் சொல்வது தொழிற்சாலையிலிருந்து வந்த எஞ்சினை. உங்களிடம் இருப்பது 2011இல் யாரோ கை வைத்த எஞ்சின்.

விகிதத்தின் மேல் இவ்வளவு கவலை எதற்கு என்றால், வெப்பத்துக்காக. சித்திரை வெயிலில் 40 டிகிரி காற்றை 0.4 பார் அளவுக்கு டர்போ அமுக்கினால், அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லாதபோது அது எஞ்சினுக்குள் 90 டிகிரியை ஒட்டி நுழைகிறது. அதைப் பிஸ்டன் மறுபடி ஒன்பது மடங்கு சுருக்கினால், தீப்பொறி கிளப்பிய சுடர் வந்து சேர்வதற்குள் ஓரத்துக் கலவை தானாகவே வெடித்துவிடும். அதுதான் நாக்கிங். அந்த அடி விழும் இடம் ரிங் வரம்பு. இக்காலத்து டர்போ கார்களில் விகிதம் 10 இருக்கிறதே என்று கேட்பீர்கள். அவற்றில் நாக்கிங்கை உணரும் சென்சார் இருக்கிறது, கம்ப்யூட்டர் உடனே இக்னிஷனை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பின்னுக்கு இழுக்கிறது. பலவற்றில் பெட்ரோலே நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கப்பட்டுக் குளிர்விக்கிறது. உங்கள் கார்புரேட்டருக்கு இந்தக் காவல் எதுவும் கிடையாது.

பழைய எஞ்சினுக்கு டர்போ வைத்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 1962இல் செவர்லே கார்வேர் டர்போவுக்காக விகிதத்தை 8க்கு இறக்கினார்கள். அதே ஆண்டு ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் 10.25ஐ அப்படியே வைத்துக்கொண்டு, நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணீரும் ஆல்கஹாலும் கலந்த திரவத்தைத் தெளித்தது. அந்தத் தொட்டி காலியானால் டர்போவின் பலனும் போய்விடும்; நிரப்பச் சலித்துக்கொண்டார்கள், பல கார்களில் டர்போவையே கழற்றிவிட்டார்கள். ரெனோ 5 டர்போவில் இருந்தது அறுபதுகளில் பிறந்த தள்ளுகம்பி எஞ்சின், 1,397 சி.சி. அதில் விகிதத்தை 7 வரை இறக்கித்தான் 160 குதிரைத்திறன் எடுத்தார்கள். நமக்கு அவ்வளவு தேவையில்லை. உங்கள் 0.4 பாருக்கு இன்டர்கூலரோடு 8.0 வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் கீழே இறக்கினால், டர்போ விழிக்கும் முன் 800 சி.சி. எஞ்சின் கார் நகரவே சோம்பும்.

இனி அளக்கும் முறை. பிஸ்டன் தலையைத் துடைத்துப் பாருங்கள், 0.25 அல்லது 0.50 என்று பொறித்திருந்தால் ஓவர்சைஸ் தெரிந்துவிடும். ஆனாலும் போர் கேஜ் வைத்து மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளந்து எழுதுங்கள். பிறகு ஹெட்டைக் கவிழ்த்து, துளையிட்ட அக்ரிலிக் தகட்டைக் கிரீஸ் தடவி ஒட்டி, பள்ளிக்கூட ஆய்வகத்தில் பயன்படும் பியூரெட்டால் மண்ணெண்ணெயை நிரப்புங்கள். எத்தனை சி.சி. கொள்கிறதோ அதுதான் அறையின் அளவு. அடுத்து, பிஸ்டனைப் பிளாக்கின் முகத்திலிருந்து சரியாக 10 மில்லிமீட்டர் கீழே நிறுத்தி, சுற்றிலும் கிரீஸ் பூசி, அதே தகட்டை மூடி நிரப்புங்கள். 69 மில்லிமீட்டர் போருக்கு 37.4 சி.சி. கொள்ள வேண்டும். அதற்குமேல் ஏற்பது பிஸ்டன் தலையிலுள்ள குழியின் அளவு. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது முகத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை டயல் கேஜில் பாருங்கள். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே வைத்து ஒருமுறை முறுக்கிக் கழற்றிய பழைய கேஸ்கெட்டின் தடிமனைக் கூட்டினால் கணக்கு முடிந்தது. மூன்று சிலிண்டரையும் தனித்தனியே செய்யுங்கள். ஒரு நாள் வேலை. எனக்கு இந்தத் தொழிலில் மிகப் பிடித்த வேலையும் இதுதான். ஊகித்தது எண்ணாக மாறும் நேரம் அது.

9.0 வந்தால், 8.0க்கு இறங்க ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 5 சி.சி. கூடுதல் இடம் வேண்டும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். இரண்டு கேஸ்கெட்டை அடுக்கிவிடலாம் என்பார்கள். 5 சி.சி.க்கு 1.3 மில்லிமீட்டர் தடிமன் தேவை. அவ்வளவு உயர்த்தினால், ஓரத்தில் பிஸ்டனும் ஹெட்டும் நெருங்கி கலவையைப் பிழிந்து நடுவுக்குத் தள்ளும் இடுக்கு அகன்றுவிடும். அந்த இடுக்குதான் ஓரத்துக் கலவையைக் குளிர வைத்து நாக்கிங்கைத் தள்ளிப்போடுகிறது. எண் குறையும், நோய் தீராது. கேஸ்கெட் வேறு ஊதிக்கொள்ளும்.

மாறாக, பிஸ்டன் தலையின் நடுவில் 50 மில்லிமீட்டர் விட்டத்தில் 2.5 மில்லிமீட்டர் ஆழம் லேத்தில் கடைந்தால் 4.9 சி.சி. கிடைக்கும், ஓரம் தொடப்படாமல் இருக்கும். ஆனால் தலையில் அதற்குச் சதை இருக்கிறதா? அதே வகைப் பழைய பிஸ்டன் ஒன்றை நெடுக்காக இரண்டாக அறுத்து, அடியிலிருந்து தடிமனை அளந்து பாருங்கள். கடைந்தபின் 6 மில்லிமீட்டருக்குக் கீழே நின்றால் நான் அந்த வேலையை எடுக்கமாட்டேன். ஹெட்டின் அறையைக் கொஞ்சம் அகற்றி மீதியைச் சரிக்கட்டுவேன். கடைந்த மூன்று பிஸ்டன்களும் எடையில் ஒன்றாக இருக்க வேண்டும். தங்கக் கடைத் தராசு போதும்.

கேள்வி (அவரே): வார்ப்புப் பிஸ்டனே தாங்குமா, அல்லது ஃபோர்ஜ்டு பிஸ்டன் செய்து வாங்க வேண்டுமா?

பதில்: 0.4 பாருக்கு, நல்ல நிலையிலுள்ள வார்ப்புப் பிஸ்டன் தாங்கும், நாக்கிங் வராமல் இருந்தால். ஃபோர்ஜ்டு பிஸ்டன் (அடித்து உருவாக்கியது) நாக்கிங்கைக் கொஞ்ச நேரம் பொறுக்கும், தடுக்காது. சூட்டில் அதிகம் விரிவதால் சிலிண்டருக்கும் அதற்கும் கூடுதல் இடைவெளி விட வேண்டும், குளிர்ந்த எஞ்சினில் தட்டல் சத்தமும் கேட்கும்.

அந்தப் பணத்தை வைத்திருங்கள். முதலில் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியைக் கவனியுங்கள். சாதாரண ஓட்டத்துக்கு 69 மில்லிமீட்டர் போரில் 0.28 மில்லிமீட்டர் போதும். டர்போவுக்கு முதல் ரிங்கை 0.35 வரை அரத்தால் ராவி விடுவேன். சூட்டில் ரிங்கின் இரு முனைகளும் முட்டிக்கொண்டால் அதற்குப் போக இடமில்லை, வரம்பை உடைத்துக்கொண்டுதான் வரும். என் மேசைப் பிஸ்டனின் ரிங் முனைகள் இரண்டும் கண்ணாடிபோல் மின்னின. முட்டியதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். அதன் ஆக்டேன் நமக்கு நல்லது. ஆனால் ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்று துளையிட்ட, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் பழைய ஜெட், 13.5 கிலோ கேட்கும் இந்தக் கலவைக்குப் போதாது. எரிபொருள் குறைந்தால் சூடு ஏறும். ஜெட்டைப் பெரிதாக்காமல் டர்போவை முடுக்க வேண்டாம்.

டிராக்கில் மட்டும் என்று எழுதியிருந்தீர்கள். அதில் உறுதியாக இருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இப்படிப்பட்ட மாற்றத்தோடு சாலையில் ஓட்ட இடம் தராது. உங்களுக்குச் செட்டிப்பாளையம் கரி டிராக் பக்கம்தான். அந்த டிராக் யார் பெயரைத் தாங்கியிருக்கிறதோ, அந்தக் கரிவரதன் வடிவமைத்த ஃபார்முலா மாருதி ஒற்றை இருக்கைக் கார்கள் ஓடியது உங்கள் மாருதி 800 எஞ்சினில்தான், டர்போ இல்லாமல்.

மூன்று சிலிண்டரின் அளவுகளையும் தனித்தனியே எழுதி அனுப்புங்கள். எவ்வளவு கடைய வேண்டும் என்று கணக்கிட்டு அடுத்த இதழில் சொல்கிறேன்.